மானாமதுரைக்குப் போனால் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. அப்பா காலத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து வேலை பார்த்த இடத்தில் இப்போது நானும் இரண்டு பையன்களும் இருக்கிறோம். வெள்ளிக்காரனுக்கு மண்பானையில் என்ன வேலை என்றால், எல்லாம் என் மகளால் வந்தது. மிருதங்க வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள் ஒரு நாள் வந்து, எனக்குக் கடம்தான் வேண்டும் என்று நின்றாள். "பானையா?" என்றேன். "கடம்ப்பா" என்று முறைத்தாள். வகுப்பில் இருந்தது ஒரே ஒரு கடம். நாலு பிள்ளைகள் அதை மாற்றி மாற்றி மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தமாக வேண்டுமென்றால் மானாமதுரைக்கே போய்விடுங்கள் என்றார் அவளுடைய சார்.

போனேன். அதற்கப்புறம் இன்னும் மூன்று தடவை போய்விட்டேன். இப்போது எங்கள் தெருவில் யாருக்கு மண்சட்டி ஆசை வந்தாலும் நேரே என் பட்டறை வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

மானாமதுரை சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரையில் இருக்கும் ஊர். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் 50 கிலோமீட்டர் வாக்கில் வந்துவிடும். நாம் ஏரி என்று சொல்வதை அந்தப் பக்கம் கண்மாய் என்பார்கள். வைகைத் தண்ணீர் கண்மாய்களில் ஏறி நின்று வற்றும்போது அடியில் படிகிற மண்தான் அந்த ஊரின் சொத்து. சுந்தரநடப்பு, செய்களத்தூர் என்று சுற்றுவட்டாரக் கண்மாய்களிலிருந்து மண் வருகிறது. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம்தான் நம் சேலம் ஜவ்வரிசிக்கும் கிடைத்தது. இதைச் சாக்காக வைத்து இரண்டாம் தடவை போகும்போது ஒரு பை நிறைய ஜவ்வரிசி வடகம் எடுத்துக்கொண்டு போனேன், சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி.

எந்த மாதம், எந்த நேரம்

மண்வேலை வெயிலை நம்பிய வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போனால் வனைந்த பானைகள் காயாமல் வீட்டுக்குள் அடுக்கிக் கிடக்கும், சூளையில் தீ வைக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் கை கட்டிப்போவதால்தான் அரசாங்கம் இவர்களுக்கு மழைக்கால நிவாரணம் என்றே ஒன்று கொடுக்கிறது. மார்கழியில் போனால் வேறு மாதிரிச் சிக்கல். வீதியெல்லாம் பொங்கல் பானையும் அடுப்புமாகக் குவிந்திருக்கும். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியில் ஏற்றுகிற அவசரத்தில் நம்மோடு நின்று பேச ஒருவருக்கும் நேரம் இருக்காது. பங்குனி, சித்திரையில் அக்கினிச் சட்டி வேலை மும்முரம், வெயிலும் நம்மால் தாங்க முடியாது. ஏற்காட்டு மலையைப் பார்த்து வளர்ந்த உடம்புக்குச் சிவகங்கை வெயில் ஒத்துவராது.

என் கணக்குக்கு தை கடைசியிலிருந்து மாசி முடிகிற வரை நல்ல காலம். பொங்கல் பரபரப்பு ஓய்ந்திருக்கும், கோடைக்கான தண்ணீர்ப் பானைகள் சக்கரத்தில் ஏறியிருக்கும். ஆடியிலும் போகலாம் என்பார்கள். நான் போக மாட்டேன். கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும்போது ஊரை விட்டுப் போனால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

மாதத்தைவிட நேரம் முக்கியம். காலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் இருக்க வேண்டும். மண் மிதிப்பது, சக்கரத்தில் ஏற்றுவது எல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே நடக்கிறது. பதினொரு மணிக்கு மேல் போனால் காய்கிற பானைகளைத்தான் பார்க்கலாம். முதல் தடவை நான் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. திண்ணையில் ஒரு பெரியவர் படுத்திருந்தார், இரண்டு கோழி மேய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆகவே முந்தின ராத்திரி மதுரையில் தங்கிவிடுங்கள். சேலத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிற ஊர் இல்லை இது.

வழி

காரில் போகிறவர்களுக்குக் குழப்பமே இல்லை. நாமக்கல், பரமத்தி வேலூர், கரூர், திண்டுக்கல், மதுரை, எல்லாம் நாலுவழிச் சாலை. மதுரைக்குள் நுழையாமல் சுற்றுச்சாலை பிடித்து விரகனூர் வந்தால் ராமேஸ்வரம் ரோடு. மொத்தம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர், நின்று நின்று போனால் ஐந்தரை மணி நேரம். கடைசியில் ஒன்று கவனிக்க வேண்டும். புதுச் சாலை மானாமதுரை ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போகும். பேச்சு சுவாரஸ்யத்தில் ஊருக்குள் திரும்புகிற இடத்தை விட்டுவிட்டால் பரமக்குடிக்குத்தான் போய்ச் சேர்வீர்கள்.

பஸ் என்றால் நம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறலாம். சேலத்து பஸ்கள் பெரும்பாலும் மதுரை ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். மானாமதுரை பஸ் நிற்பதோ மாட்டுத்தாவணியில். நடுவில் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். போகும்போது இது பெரிய விஷயமில்லை. திரும்பும்போது கையில் கடத்தோடு டவுன் பஸ்ஸில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். ரயிலில் போகிறவர்களுக்கு, பெங்களூரிலிருந்து சேலம், நாமக்கல், கரூர் வழியாக நாகர்கோவில் போகிற வண்டி மதுரையில் நிற்கும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் லைனில் மானாமதுரை ஒரு ஜங்ஷன். திருச்சி லைனும் விருதுநகர் லைனும் அங்கேதான் வந்து சேர்கின்றன. கிளம்புவதற்கு முன் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

கரூர்ப் பக்கம் நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரர் அதிஷ்டானம் இருக்கிறது. அவருக்கு மானாமதுரை சோமநாதர் கோயிலிலும் ஒரு சமாதி உண்டு என்று நம்புகிறார்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்று என் வீட்டுக்காரி ஒரு தடவை பிடிவாதம் பிடித்தாள். காவிரிக் கரையில் ஆரம்பித்து வைகைக் கரையில் முடிக்கலாம், வழியில்தான் இருக்கிறது.

நடுவில் கீழடி

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் சிலைமான் தாண்டியதும் கீழடி. எதை விட்டாலும் இதை விடாதீர்கள். 2014இல் தொடங்கிய அகழாய்வு. கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரைக்கும் போகிறது என்று மாநிலத் தொல்லியல் துறை சொல்கிறது. 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டிய அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். வார விடுமுறை என்றைக்கு என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள்.

தொழில் புத்தி, நான் முதலில் போய் நின்றது தங்கத் துண்டுகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால். மகள்தான் கையைப் பிடித்து இழுத்து ஓடுகளைக் காட்டினாள். உடைந்த பானை ஓட்டில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. நாங்கள் கொலுசில் எந்தப் பட்டறைச் சரக்கு என்று தெரிய இரண்டு எழுத்து முத்திரை குத்துவோம். அந்த ஓட்டைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவு வந்தது. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கிற பானைகளையும் நன்றாகப் பாருங்கள். அது சாயம் இல்லை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்பக்கம் காற்றுப் படாமல் கறுத்துவிடும், வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவக்கும். மண்ணைச் சுடுகிற நெருப்பைக் காற்றால் ஆள்கிற வித்தை. நாங்கள் ஊதுகுழலை வைத்துச் செய்வதும் ஏறக்குறைய அதேதான். இதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை சூளைக்குப் போனால் அங்கே நடப்பது பாதி புரியும்.

பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த முதுமக்கள் தாழிகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அடுத்து திருப்புவனம். அங்கே வைகை மணலெல்லாம் லிங்கமாகத் தெரிந்ததால் மிதிக்க மனமில்லாமல் சம்பந்தர் எதிர்க்கரையில் நின்றே பாடினார் என்று சொல்வார்கள். நேரம் இருந்தால் இறங்கிப் பாருங்கள்.

தெருவில்

மானாமதுரையில் குலாலர் தெரு என்று கேட்டால் வழி சொல்வார்கள். மண்பாண்டத் தொழிலாளர் கூட்டுறவு சங்கமும் உண்டு. ஆனால் பெரிய ஷோரூம் ஒன்று இருக்கும், உள்ளே போய் வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். வீடுகள்தான். வாசலில் பானை காயும், பின்பக்கம் சூளை இருக்கும், நடுவில் குடும்பம் இருக்கும். அதனால் போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். சக்கரத்தைத் தாண்டிப் போகாதீர்கள், அதை அவர்கள் சாமியாக வைத்திருக்கிறார்கள். வெயிலில் காய்கிற பச்சைப் பானையைத் தொட்டுத் தூக்கிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். என் சின்ன மச்சினன் தூக்கினான், கையோடு வந்தது விளிம்பு மட்டும்தான்.

ஏழு மணிக்குப் போனால் சக்கரத்தைப் பார்க்கலாம். இப்போது பெரும்பாலும் மோட்டார் சக்கரம். மண்ணைக் கும்மென்று அடித்து நடுவில் வைத்து, கட்டை விரலை உள்ளே விட்டால் அது பூ மாதிரி விரிந்து எழுந்து வருகிறது. இதுவரை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நான் நினைப்பது அடுத்தது. சக்கரத்திலிருந்து அறுத்து இறக்கும்போது பெரிய பானைக்கு அடியே இல்லை! மேலே வாய், கீழேயும் திறப்பு. கொஞ்சம் இறுகியதும் அதைத் திருப்பி வைத்து, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டுகிறார்கள். தட்டத் தட்டச் சுவரில் இருக்கிற மண் நகர்ந்து நகர்ந்து வந்து அடியை மூடுகிறது. ஒட்டுப் போடுவது இல்லை. வெள்ளியைப் பத்த வைத்து ஒட்டியே பிழைப்பு நடத்துகிற எனக்கு, ஒட்டே இல்லாமல் ஒரு பாத்திரம் மூடிக்கொள்வதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. அரை மணி நேரம் அசையாமல் நின்றேன். மகள் "அப்பா, கடத்தைப் பாக்க வந்தோம்" என்று இரண்டு முறை நினைவுபடுத்தினாள்.

கடமும் இதே தட்டு வேலைதான், ஆனால் பத்து மடங்கு. மண்ணோடு மணலும் இரும்புத் தூள், கிராஃபைட் போன்றவையும் சேர்க்கிறார்கள். அதனால்தான் மானாமதுரைக் கடத்துக்கு உலோகம் மாதிரி ஒரு கணீர் ஒலி. சென்னைப் பக்கத்துக் கடம் மெல்லிசாக, எடை குறைவாக இருக்கும். இது கனம். தடிமனாக வனைந்து, நிழலில் வாட்டி, எடுத்துத் தட்டி, மறுபடி வாட்டி, மறுபடி தட்டி, சுவர் முழுக்க ஒரே கனமாக வரும்வரை விடுவதில்லை. தட்டுகிற அம்மாவைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது கை முழங்கை வரை பானைக்குள். கல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பலகை விழுகிற ஒவ்வொரு தடவையும் கல் சரியாக அதற்கு நேரே உள்ளே வந்து நிற்கிறது. கண் எங்கேயோ பார்க்கிறது, பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சொல்லி வாய் விரட்டுகிறது, கை தாளம் தவறவில்லை. இந்த ஊரில் கடம் செய்த மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்திருக்கிறது. மேடையில் வாசிப்பவருக்கு மட்டுமல்ல, செய்கிறவருக்கும் விருது கொடுத்தார்களே என்று அன்றைக்கு எனக்கு நிறைவாக இருந்தது.

தட்டிப் பார்ப்பது

இப்போது முக்கியமான சங்கதி. முதல் தடவை ரோட்டோரக் கடை ஒன்றில் பளபளவென்று மின்னிய தண்ணீர்ப் பானை வாங்கினேன். குழாய் வைத்தது, மயில் வரைந்தது. வீட்டில் வைத்து ஒரு வாரம் ஆகியும் தண்ணீர் குளிரவில்லை. மேலே பூசியிருந்தது வார்னிஷ். மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து, ஆவியாகிப் போகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. துளையை வார்னிஷால் அடைத்துவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் குடம் மாதிரிதான். மயிலுக்கு ஆசைப்பட்டது என் தப்பு.

எங்கள் தாத்தா வெள்ளி ரூபாயைக் கல்லில் சுண்டிக் காதால் கேட்டே நல்லதா கள்ளதா என்று சொல்லிவிடுவார். கொலுசு வாங்குகிற பெண்களும் குலுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? பானையும் அப்படித்தான். இடது உள்ளங்கையில் பானையை லேசாக நிறுத்தி, இறுக்கிப் பிடிக்காமல், வலது கை விரல் முட்டியால் தட்டுங்கள். நன்றாக வெந்த பானை டங் என்று நீளமாகச் சொல்லும். வேகாதது டொக் என்று அடங்கிவிடும். மயிரிழை விரிசல் இருந்தால் ஓசையில் ஒரு கரகரப்பு கேட்கும், தொண்டை கட்டியவர் பேசுகிற மாதிரி. ஒரு இடத்தில் தட்டிவிட்டு விடாதீர்கள். சுற்றிலும் நாலு இடம், அடியில் ஒரு இடம். அப்புறம் அடியைச் சூரியன் பக்கம் காட்டிப் பிடித்து வாய்வழியாக உள்ளே பாருங்கள், ஊசித் துளை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் தடவை நான் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாவது சட்டியைத் தட்டியதும் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது வேணாம் தம்பி, அது பேசாது. பக்கத்துல உள்ளதை எடுங்க" என்றார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டன. மறுபடி தட்டினேன். ஐந்தாறு முறை தட்டிய பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. அவரே விற்கிற சரக்கு அது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

சமையலுக்கு வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கேஸ் அடுப்பில் வைப்பதென்றால் அடி கொஞ்சம் தட்டையாக இருக்கட்டும். உருண்டை அடிப் பானை விறகடுப்புக்கும் பிரிமணைக்கும்தான் சரி. மூடியைக் கூடவே வாங்குங்கள், வீட்டு எவர்சில்வர் தட்டு எதுவும் பொருந்தாது. கறுப்புச் சட்டி வேண்டுமா சிவப்புச் சட்டி வேண்டுமா என்று கேட்டால், இரண்டும் ஒரே மண்தான், கடைசியில் புகையை உள்ளேயே அடைத்து வைத்தால் கறுப்பு. மீன் குழம்புக்கு நான் கறுப்பு.

கடம் வாங்குகிறவர்கள் சும்மா போய் நின்று ஒரு கடம் கொடுங்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். என்ன சுருதி என்று தெரிந்திருக்க வேண்டும். பானைக்கு மிருதங்கம் மாதிரி வார் இழுத்துச் சுருதி கூட்ட முடியாது. சூளையிலிருந்து என்ன சுருதியில் வெளியே வருகிறதோ அதுதான். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றியோ களிம்பு ஒட்டியோ மயிரளவு சரிசெய்யலாம், அவ்வளவே. அதனால்தான் வித்வான்கள் ஐந்தாறு கடம் வைத்திருக்கிறார்கள். போனில் தம்புரா ஆப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கடத்தை மடியில் வைத்து, கழுத்து, வயிறு, அடி என்று வாசித்துவிட்டு, மெல்லத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் ஓசை மாறாமல் வருகிறதா என்று கேளுங்கள். அப்புறம் வாயில் உள்ளங்கையால் தட்டினால் உள்ளிருந்து கும்மென்று ஒரு காற்று வர வேண்டும். கற்றுக்கொடுக்கிற சார் கூட வந்தால் உத்தமம். முடியாவிட்டால் அங்கிருந்தே போன் போட்டுக் கேட்க வையுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம். உங்கள் சுருதி அன்றைக்குக் கையிருப்பில் இல்லாமல் போகலாம், முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது.

கனத்தைப் பார்த்து எனக்குத் தயக்கம்தான். பெண்பிள்ளை மடியில் இதைத் தூக்கி வைத்து எப்படி வாசிப்பாள் என்று கேட்டுவிட்டேன். மகள் உடனே போனில் சுகன்யா ராம்கோபால் கச்சேரியைப் போட்டுக் கையில் கொடுத்தாள். கடம் வித்வான் விக்கு விநாயக்ராமிடம் கற்றவர். முன்னால் ஆறேழு கடங்களை வரிசையாக வைத்து ஒருவரே வாசிக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

விலையைப் பற்றி

சட்டி, பானையெல்லாம் நூறுகளில் முடியும். கடம் ஆயிரங்களில் போகும். கடத்துக்குப் பேரம் பேசாதீர்கள். ஒரு சூளையில் வைத்த கடங்களில் எத்தனை சுருதியோடு வெளியே வரும் என்பது அதைத் திறக்கிறவரை யாருக்கும் தெரியாது. நாங்கள் கொலுசுக்குச் செய்கூலி தனி, சேதாரம் தனி என்று பில் போடுகிறோம். உடைந்த வெள்ளியை உருக்கினால் மறுபடி வெள்ளி. சுட்ட மண் உடைந்தால் மண்ணாகக்கூட ஆகாது. அவர்கள் சேதாரத்தை யார் தலையில் போடுவார்கள்? மண் எடுப்பதற்கே அனுமதிக்கு அலைந்த காலம் இருந்தது. 2024இல் தாசில்தாரிடமே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று மாற்றிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை என்றார் ஒருவர்.

மாலையில் வைகைக்குப் போங்கள். வருடத்தில் பல மாதம் அது மணல்தான், நம் திருமணிமுத்தாறு இருக்கிற நிலைக்கு மணலாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனந்தவல்லி சோமநாதர் கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு மதுரையில் கள்ளழகர் மாதிரி இங்கே வீர அழகர் ஆற்றில் இறங்குகிறார். அந்தக் கூட்டத்தில் பானை வாங்குவது நடக்காது, சாமி பார்க்க மட்டும் போகலாம்.

உடையாமல் கொண்டுவருவது

முதல் பயணத்தில் ஏழு உருப்படி வாங்கி, செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் அடுக்கினேன். நாமக்கல் தாண்டி ஒரு வேகத்தடை. வீட்டுக்கு வந்து திறந்தால் நாலுதான் முழுசு. பானையும் பானையும் முட்டுவதால்தான் உடைகிறது, ஆட்டத்தால் இல்லை. அங்கேயே வைக்கோல் கேட்டால் தருவார்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் வைக்கோலைத் திணித்து, வெளியிலும் திரித்துச் சுற்றி, வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். பழைய சைக்கிள் டயர் இரண்டு எடுத்துப் போனால் பெரிய பானை அதில் கச்சிதமாக உட்காரும். டயர் இல்லாதவர்கள் பழைய லுங்கியைச் சும்மாடு மாதிரி சுருட்டி வைத்துக்கொள்ளலாம். சின்னதைப் பெரியதற்குள் போட்டு இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். போடாதீர்கள். கடம் டிக்கியில் வரவில்லை. பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தது. சுங்கச்சாவடியில் காசு வாங்கிய பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கும் டிக்கெட் போடணுமா சார்?" என்றான்.

வந்தவுடனே அடுப்பில் ஏற்றாதீர்கள்

புதுச் சட்டியைப் பழக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும், போட்டவுடன் குமிழி குமிழியாக வரும். மறுநாள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க வைத்து, தானாக ஆறவிட்டுக் கொட்டுங்கள். இப்படி மூன்று நாள். பிறகு உள்ளே நல்லெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, முதல் சமையலாகக் கஞ்சியோ ரசமோ வையுங்கள், வறுவல் எல்லாம் பத்து நாள் போகட்டும். பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டாம், மண் குடித்துக்கொண்டு அடுத்த நாள் குழம்பில் கக்கும். தேங்காய் நாரும் சாம்பலும் போதும். தண்ணீர்ப் பானைக்கு இவ்வளவு வேலை இல்லை, இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மண்வாசனை குறைந்ததும் பயன்படுத்தலாம். அடியில் ஒரு தாம்பாளத்தில் ஈர மணல் பரப்பி அதன்மேல் வைத்தால் இன்னும் குளிரும். எங்கள் பட்டறையில் ஊதுகிற நெருப்புக்கு ஆறடி தள்ளி ஒரு பானை இருக்கிறது, வெயில் காலத்தில் பையன்கள் டீ கேட்பதை விட்டுவிட்டார்கள்.

சூடான சட்டியை ஈரத் தரையிலோ கல் மேடையிலோ வைக்கவே கூடாது. இதை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், மாமியாரிடம் சொல்ல மறந்துவிட்டேன். புளிக்குழம்பு கொதித்து இறக்கிய சட்டியை நேரே ஈர மேடையில் வைத்தார். டப் என்று ஒரு சத்தம். "இதென்னங்க மாப்பிள்ளை, பேசுதே!" என்றார். அந்தச் சட்டியின் ஓடுகள் இப்போது மொட்டை மாடியில் துளசித் தொட்டியின் அடியில், தண்ணீர் வடிவதற்காகக் கிடக்கின்றன. பக்கத்தில் பாய் விரித்து மகள் சாயங்காலம் சாதகம் பண்ணுகிறாள்.